வீணாகும் வாயுவுக்கு ஒரு வேலை

ஒரு ரைஃபிள் தோட்டாவுக்குள் சுமார் மூன்று கிராம் வெடிமருந்து இருக்கும். விசையை இழுத்ததும் அது எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயு குண்டைக் குழலின் வழியே தள்ளி வெளியே அனுப்புகிறது. இந்த மூன்று கிராமில் அடங்கியிருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குண்டோடு போகிறது. மீதி குழலைச் சூடாக்குகிறது, குழல்வாயில் தீப்பிழம்பாகச் சீறுகிறது, காதைப் பிளக்கும் ஓசையாகக் கரைகிறது. பெரும்பங்கு வீண். அந்த வீணில் ஒரு துளியைப் பிடித்து, அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே நிரப்பிக்கொள்ளும்படி செய்ய முடியுமா? கேட்பதற்கு எளிய கேள்வி. அதற்குப் போர்க்களத்தில் நம்பத் தகுந்த ஒரு விடையைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் ஒரு மனிதருக்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன.

முதலில், அந்த வேலையைக் கை எப்படிச் செய்துகொண்டிருந்தது என்று பார்ப்போம். முதல் உலகப் போரில் பெரும்பாலான வீரர்களிடம் இருந்தது போல்ட் வகை ரைஃபிள். தோட்டா உட்காரும் அறையின் பின்வாயை இறுக்கி அடைத்து நிற்கும் எஃகு உருளைக்குத்தான் போல்ட் என்று பெயர். சுட்ட பிறகு வீரன் அதன் பிடியை மேலே திருப்ப வேண்டும், பின்னால் இழுக்க வேண்டும், முன்னால் தள்ள வேண்டும், மறுபடி கீழே திருப்ப வேண்டும். வெறும் கூடு வெளியே விழுந்து புதுத் தோட்டா உள்ளே போவது இந்த நான்கு அசைவுகளில்தான். ஒவ்வொரு முறையும் குறி கலைகிறது, கை களைக்கிறது. குறி பார்த்துச் சுட்டால் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகள் என்பதே நல்ல வேகம். இந்த நான்கு அசைவுகளையும் தானே செய்துகொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே ஒரு குண்டை மட்டும் சுடுவதே அரைத்தானியங்கி ரைஃபிள். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து பொழிவது முழுத்தானியங்கி. அது வேறு இனம்.

இந்த யோசனை 1880-களுக்கு முன்னால் பிறந்திருந்தாலும் பிழைத்திருக்காது. அதுவரை புழங்கிய கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தக் கசடு சில சுடுதல்களிலேயே நுண்ணிய இயந்திரப் பாகங்களை அடைத்துவிடும். 1884-இல் பிரான்ஸைச் சேர்ந்த பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அது ஏறக்குறைய முழுவதும் வாயுவாக எரிந்தது. துப்பாக்கிக்குள் நகரும் பாகங்களை வைக்கலாம் என்ற துணிச்சலைப் பொறியாளர்களுக்குக் கொடுத்தது அந்த வேதியியல்தான்.

துணிச்சல் வந்தது, கூடவே சிக்கலும் வந்தது. நம் வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது அதற்குள் இருக்கும் மிகை அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. ரைஃபிளின் தோட்டா அறைக்குள் எழும் உச்ச அழுத்தம் ஏறக்குறைய 50,000 பவுண்டு. குக்கரைப்போல மூவாயிரம் மடங்குக்கும் மேல்! ஆவி அடங்குமுன் குக்கரைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதே விதிதான். ஆனால் ஆவி அடங்கக் காத்திருக்கக் கிடைக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு.

சரியான நேரத்துக்குமுன் திறந்தால் என்ன ஆகும்? தோட்டாவின் பித்தளைக் கூடு அழுத்தத்தில் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் காப்பது இந்த ஒட்டுதல்தான். அழுத்தம் குறைந்ததும் பித்தளை மீள்தன்மையால் சற்றே சுருங்கி, சுவரை விட்டு விலகுகிறது. விலகுமுன் இழுத்தால் கூட்டின் அடிப்பாகம் பிய்ந்து வரும், மீதிக் கூடு அறைக்குள்ளேயே சிக்கும். கொதிவாயு வீரனின் முகத்தை நோக்கிப் பாயவும் கூடும். ஆற்றலுக்குப் பஞ்சமே இல்லை. அதை எப்போது எடுப்பது என்பதில்தான் அரைத்தானியங்கியின் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவுக்கு முன்பே சிலர் முயன்றார்கள். மெக்ஸிகோ ராணுவ அதிகாரி மனுவேல் மொந்த்ராகோன் வடிவமைத்த ரைஃபிளை அந்த நாடு 1908-இல் ஏற்றது. முதல் உலகப் போரின் நடுவே பிரான்ஸ் ஓர் அரைத்தானியங்கியைப் பெரும் எண்ணிக்கையில் களமிறக்கியது. இரண்டுமே பழைய போல்ட் ரைஃபிளை முழுதாக ஓரங்கட்டவில்லை. சேறும் மணலும் மழையும் நிறைந்த உண்மையான போர்க்களத்தில், அவசரத்தில் துடைக்கக்கூட நேரமில்லாத சாதாரண வீரனின் கையில், ஆயிரக்கணக்கான முறை தவறாமல் இயங்க வேண்டும் என்ற தேர்வு மிகக் கடினமானது.

அந்தத் தேர்வை எழுத வந்தவர் ஜான் கரண்ட். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் ரெமி என்ற ஊரில், 1888 ஜனவரி 1 அன்று பிறந்தார். பிரெஞ்சு பேசும் குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகள். சிறுவயதிலேயே அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, ஒரு ஜவுளி ஆலையில் தரை கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டி முடித்த நேரங்களில் ஆலை இயந்திரங்களைக் கவனித்துக் கற்றார். பதின்வயது முடியுமுன் இயந்திரக் கம்மியர் ஆகிவிட்டார். துப்பாக்கி மீதான ஆசை, குறிபார்த்துச் சுடும் விளையாட்டு அரங்கு ஒன்றில் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்டது. 1919-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலையான ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில் வேலைக்கு அமர்ந்தார்.

அவருடைய முதல் வழி விசித்திரமானது. தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் பிரைமர் என்ற சிறு கிண்ணம் இருக்கிறது. ஊசி குத்தியதும் பொறி பறந்து வெடிமருந்தைப் பற்றவைப்பது அதுதான். உள்ளே அழுத்தம் ஏறும்போது இந்தக் கிண்ணம் இம்மியளவு பின்னால் பிதுங்கும். அந்த இம்மி அசைவையே உந்துவிசையாக்கி போல்ட்டைத் திறக்கச் செய்தார் கரண்ட். குழலில் துளை வேண்டாம், நீண்ட தண்டு வேண்டாம். துப்பாக்கி வேலை செய்தது. ஆனால் 1920-களின் நடுவில் ராணுவம் வெடிமருந்தின் எரிவேகத்தை மாற்றியது. பிரைமரையும் அசையாதபடி கூட்டோடு இறுக்கிப் பிணைக்க ஆரம்பித்தது. ஆறேழு ஆண்டு உழைப்புக்கு அடித்தளமாக இருந்த அந்த இம்மி அசைவு காணாமல்போனது. கரண்ட் புதிதாகத் தொடங்கினார்.

அதே தொழிற்சாலை வளாகத்தில் அவருக்கு ஒரு போட்டியாளரும் இருந்தார். ஜான் பெடர்சன், அக்காலத்தின் பேர்பெற்ற ஆயுத வடிவமைப்பாளர். அவருடைய ரைஃபிளில் வாயுத் துளையே கிடையாது. முழங்கால்போல மடங்கும் இரட்டைக் கணு ஒன்று, அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது நிமிர்ந்து தாக்குப்பிடித்து, மெல்ல மடங்கிப் பின்வாயைத் திறக்கும். அழகான இயக்கம். ஆனால் கூடு சுவரை முழுதாக விட்டு விலகுமுன்பே அதை இழுக்கத் தொடங்கிவிடும். ஒட்டாமல் வழுக்கி வருவதற்காகத் தோட்டா ஒவ்வொன்றுக்கும் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தார் பெடர்சன். பூச்சு உலர்ந்தது, கெட்டியானது, திறமையாகச் செய்யப்பட்டது. ஆனாலும் கோடிக்கணக்கான தோட்டாக்களுக்கு மெழுகு பூசியே தீர வேண்டும் என்ற நிபந்தனையை ஒரு ராணுவம் எளிதில் ஏற்காது.

பெடர்சன் கொண்டுவந்த இன்னொன்று ராணுவத்தைக் கவர்ந்தது. பழைய 0.30 அங்குலத் தோட்டாவுக்குப் பதில் 0.276 அங்குலத்தில் சிறிய, இலகுவான தோட்டா. அதிர்வு குறையும், வீரன் அதிக எண்ணிக்கையில் சுமக்கலாம். சிறிய குண்டு போதிய காயம் ஏற்படுத்துமா என்று அறிய 1928-இல் மயக்கமூட்டப்பட்ட பன்றிகளைச் சுட்டுச் சோதித்தார்கள், பிறகு ஆடுகள். படிக்கவே மனம் ஒப்பாத சோதனை அது. இந்தத் துப்பாக்கியின் ஒவ்வொரு நுட்பமும் மனிதரைக் கொல்லும் வேலைக்காகத் தீட்டப்பட்டது என்பதை மறைத்துவிட்டு அதன் இயந்திரத்தை மட்டும் வியப்பது நேர்மையாகாது. சோதனையின் முடிவு, சிறிய குண்டு அருகிலிருந்து சுடும்போது எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று காட்டியது. கரண்டும் தன் ரைஃபிளை 0.276-க்கு மாற்றி அமைத்தார். போட்டிகளில் அவருடையதே முந்தியது. 1932 தொடக்கத்தில் அதை ஏற்கலாம் என்று பரிந்துரையும் ஆனது.

பரிந்துரை தலைமைத் தளபதி டக்ளஸ் மக்ஆர்தரின் மேசையில் நின்றது. பொருளாதாரப் பெருமந்தக் காலம். கிடங்குகளில் பழைய 0.30 தோட்டா மலைபோல் கிடந்தது. இயந்திரத் துப்பாக்கிகளும் அதையே தின்றன. புது அளவு வேண்டாம் என்று 1932 பிப்ரவரியில் அவர் முடிவு செய்தார். கரண்ட் தன் துப்பாக்கியைப் பெரிய தோட்டாவுக்கு மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. பத்துத் தோட்டா கொள்ளும் இடத்தில் எட்டுதான் கொண்டது. நல்லவேளையாக, 0.30 மாதிரியையும் அவர் கைவிடாமல் வைத்திருந்தார். அதன் போல்ட் முந்தைய ஆண்டு சோதனையில் விரிசல் விட்டிருந்தது. அதைத் திருத்தி, மேலும் நான்கு ஆண்டு மெருகேற்றிய பிறகு, 1936 ஜனவரி 9 அன்று எம்-1 என்ற பெயரில் ராணுவத்தின் ஏற்பு கிடைத்தது.

இப்போது அந்த எம்-1 சுடும் ஒரு கணத்தைப் பிரித்துப் பார்ப்போம். குழலின் நீளம் 61 சென்டிமீட்டர். குண்டு அதைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குழலின் முன்முனைக்குச் சுமார் நான்கு சென்டிமீட்டர் பின்னால், அடிப்பக்கத்தில் ஒரு துளை. விட்டம் வெறும் 2 மில்லிமீட்டர். குண்டு அந்தத் துளையைத் தாண்டும்போது அதன் வேகம் நொடிக்கு 850 மீட்டருக்கு அருகில். மிச்சமிருக்கும் நான்கு சென்டிமீட்டரைக் கடக்க அதற்குத் தேவை சுமார் 45 மைக்ரோ விநாடி. ஒரு நொடியை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கினால் அதில் ஒன்று! அதற்குள் துளை வழியே கொஞ்சம் வாயு கீழே உள்ள உருளைக்குள் புகுந்து, ஒரு பிஸ்டனை அடிக்கிறது. குண்டு வெளியேறியதும் குழல் காலியாகிறது, அழுத்தம் சரிகிறது. பிஸ்டனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு குட்டு. அது போதும்.

துளையை ஏன் முன்முனையில் வைத்தார்? பின்னால், தோட்டா அறைக்குப் பக்கத்தில் வைத்தால் வாயுவின் அழுத்தம் பயங்கரமாக இருக்கும், குட்டு இடியாகிவிடும். முன்னே போகப் போக வாயு விரிந்து தணிகிறது. அதோடு, குட்டு வந்து சேரும்போது குண்டு ஏறக்குறைய வெளியே போயிருக்கும். வாயுவை எங்கே எடுப்பது என்பதன் வழியாகவே எப்போது எடுப்பது என்பதையும் அவர் தீர்மானித்துவிட்டார்.

பிஸ்டன் ஒரு நீண்ட எஃகுத் தண்டின் நுனி. அதை இயக்குதண்டு என்போம். குட்டு விழுந்ததும் தண்டு பின்னோக்கி ஓடுகிறது. முதல் 8 மில்லிமீட்டருக்கு அது போல்ட்டை ஒன்றும் செய்வதில்லை, சும்மா ஓடுகிறது. என்னைப் பொறுத்தவரை துப்பாக்கியின் ஆகச் சிறந்த பகுதி இந்தச் சும்மா ஓட்டம்தான். அந்த 8 மில்லிமீட்டரில் குழல் காலியாகிவிடுகிறது, பித்தளைக் கூடு சுருங்கிச் சுவரை விடுகிறது. கடிகாரம் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், ஒரு வெற்று இடைவெளியை வைத்து நேரத்தை அளந்திருக்கிறார் கரண்ட். அதற்குப் பிறகே தண்டில் செதுக்கிய சாய்வுப் பள்ளம் போல்ட்டின் காதைப் பிடித்து அதைத் திருப்புகிறது. போல்ட்டின் முன்பக்கம் இரண்டு எஃகுப் பற்கள் உண்டு. அவை பூட்டுக் குழிகளை விட்டு விலகியதும் போல்ட் பின்னால் பாய்கிறது. கொக்கி ஒன்று வெறும் கூட்டை இழுத்து வருகிறது. போல்ட்டின் முகத்தில் உள்ள சிறு உந்தி அதை வெளியே எறிகிறது. போகிற போக்கில் போல்ட், ஊசியை அடிக்கும் சுத்தியலையும் மிதித்து மடக்கிவிடுகிறது.

இனி திரும்பும் பயணம். பின்னால் போன தண்டு ஒரு சுருள்வில்லை நசுக்கியிருக்கிறது. அந்த வில் விரிந்து எல்லாவற்றையும் முன்னே அனுப்புகிறது. அதே வில்தான் தன் மறுமுனையால் தோட்டாக்களை அடியிலிருந்து மேலே உந்தும் நெம்புகோலையும் தள்ளிக்கொண்டிருக்கிறது! இரண்டு வில் செய்ய வேண்டியதை ஒன்று செய்கிறது. சுத்தியலை அடிக்க வைக்கும் வில்லும் அப்படியே, விசையை அதன் இடத்துக்குத் திருப்புவதும் அதுதான். பாகம் குறைந்தால் உடைவது குறையும், தொலைவது குறையும். எந்தக் கருவியும் இல்லாமல் இந்தத் துப்பாக்கியை மூன்று பெரும் தொகுதிகளாகக் கையாலேயே பிரித்துவிடலாம்.

இன்னொரு புதிர் பாக்கி. விசையை இழுத்த விரல் இன்னும் இழுத்தபடியேதான் இருக்கிறது. மனித விரல் அவ்வளவு வேகமாக விடுபடாது. அப்படியானால் மடங்கிய சுத்தியல் மறுபடி அடித்துத் தொடர்ச்சியாகச் சுட்டுவிடாதா? சுத்தியலில் இரண்டு கொக்கிகள் வைத்தார் கரண்ட். விரல் இழுத்த நிலையில் இருந்தால் ஒரு கொக்கி பின்பக்கப் பிடியில் மாட்டி நிற்கும். விரல் தளர்ந்ததும் அந்தப் பிடி விட, சுத்தியல் துளி முன்னே நழுவி முன்பக்கப் பிடியில் மாட்டும். அடுத்த இழுப்புக்கு அங்கிருந்து தயார். கைமாறும்போது மெல்லிய 'கிளிக்' ஒன்று கேட்கும்.

தோட்டாக்கள் எட்டும் ஒரு தகட்டுக் கிளிப்பில் கவ்வப்பட்டிருக்கும். கிளிப்போடு சேர்த்து மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். துப்பாக்கியின் வயிற்றுக்குக் கீழே எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது என்று ராணுவம் விதித்திருந்ததால் வந்த ஏற்பாடு இது. எட்டாவது குண்டு பாய்ந்ததும் வெற்றுக் கிளிப் 'டிங்' என்ற ஓசையோடு எகிறி வெளியே விழும், போல்ட் திறந்தபடி நிற்கும். அடுத்த கிளிப்பை அழுத்திய உடனே போல்ட் முன்னே பாயக்கூடும். கட்டைவிரலைச் சட்டென்று எடுக்காதவர்களின் நகம் கறுத்துப்போகும். 'கரண்ட் கட்டைவிரல்' என்றே அமெரிக்க வீரர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

ஏற்பு கிடைத்ததோடு கதை முடியவில்லை. முதலில் வந்த எம்-1-களில் நான் சொன்ன துளை கிடையாது. குழலின் முனைக்கு வெளியே ஒரு தொப்பி மாட்டி, குண்டு வெளிவந்த பின் சிதறும் வாயுவை அதில் பிடித்தார்கள். தொப்பியில் கரி படிந்தது, இணைப்பு தளர்ந்தது, அதன் மேல் இருந்த குறிமுள்ளும் ஆடியது. 1939-40-இல் அதைத் துறந்து, குழலிலேயே துளையிடும் முறைக்கு மாறினார் கரண்ட். அதே காலத்தில் வேறொரு புகார். ஏழாவது தோட்டா மட்டும் சிக்குகிறது! பட்டறையில் கையால் செய்த மாதிரிகளில் இந்தக் குறையே இல்லை. ஒப்பிட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. பெருமளவு உற்பத்திக்கு வெட்டு இயந்திரங்களை அமைத்தவர்கள், கிளிப்பை வழிநடத்தும் ஒரு சிறு உலோக முகட்டின் ஓரத்தை வசதிக்காகச் சீவிவிட்டிருந்தார்கள். அது இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கப்பட்டது. நீடித்த மழையில் போல்ட் இறுகிப்போகும் சிக்கலுக்குச் சரியான கிரீஸ் தேடிக் கண்டார்கள். வீரர்கள் அதைச் சிறு டப்பாவில் வைத்துக்கொண்டார்கள்.

உற்பத்தியும் தனி அதிசயம். 1937-இல் நாளுக்குப் பத்து என்று தொடங்கியது. துப்பாக்கியை மட்டுமன்றி அதன் பாகங்களை வெட்டும் இயந்திரங்கள் பலவற்றையும் கரண்டே வடிவமைத்தார். ஆலைத் தரை கூட்டிய சிறுவன் கற்ற பாடம் இங்கே கைகொடுத்தது. போர் உச்சத்தில் இருந்த 1944-இல் ஸ்பிரிங்ஃபீல்டு மட்டும் மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தது. போர் முடியும்வரை வந்தவை சுமார் 40 லட்சம். பின்னர் சேர்ந்தவற்றோடு ஏறக்குறைய 54 லட்சம்.

1941-42-இல் பிலிப்பைன்ஸில் எம்-1 முதல்முறை போரைக் கண்டது. அங்கே தளபதி மக்ஆர்தர். பத்தாண்டு முன்பு பழைய தோட்டாவை வற்புறுத்திய அதே மனிதர், தூசியிலும் வெக்கையிலும் துப்பாக்கி நன்றாக உழைத்ததாக அறிக்கை அனுப்பினார். பசிபிக் பெருங்கடலின் குவாடல்கனால் தீவில் 1942 ஆகஸ்டில் இறங்கிய மரைன் படையினரிடம் பழைய போல்ட் ரைஃபிள்தான் இருந்தது. அக்டோபரில் வந்த தரைப்படையினர் எம்-1 ஏந்தி வந்தார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் அதில் நிமிடத்துக்கு நாற்பது முறை குறிபார்த்துச் சுட முடிந்தது.

நமக்கும் இந்த இனம் பழக்கமானதே. 1962 சீனப் போரில் நம் வீரர்கள் பெரும்பாலும் ஏந்தியது 303 போல்ட் ரைஃபிள். அதன் பிறகு மேற்கு வங்கத்தின் ஈஷாபூரில் செய்யப்பட்டு ராணுவத்துக்கும், பின்னர் காவல்துறைக்கும் வந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளும் குழலில் துளையிட்டு வாயு எடுப்பதுதான். பெல்ஜிய வடிவமான அதில் பிஸ்டன் சிறிது தூரமே ஓடும். போல்ட் சுழல்வதற்குப் பதில் சாயும். உலகெங்கும் பரவிய கலாஷ்னிகோவிலோ, சுழலும் போல்ட்டிலும் இரட்டைக் கொக்கிச் சுத்தியலிலும் கரண்டின் கைத்தடம் தெளிவாகத் தெரியும்.

கரண்ட் தன் காப்புரிமைகளை அமெரிக்க அரசுக்கே எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கு ஒரு லட்சம் டாலர் வழங்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. 1953-இல் ஓய்வு பெற்றார், 1974 பிப்ரவரி 16 அன்று ஸ்பிரிங்ஃபீல்டிலேயே காலமானார். 54 லட்சம் துப்பாக்கிகளில் ஒன்றுக்குக்கூட அவர் உரிமைத்தொகை பெறவில்லை.